இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்

சாயந்திரம் ஓ.பி. முடிந்ததும் டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன் அத்தை, அந்தப் படுக்கையை அவர் வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும் என்று தம்பி மகன் சுகிர்தன் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், நானும் சரிய்யா என்றேன், அவ்வளவுதான், சாப்பாடு முடிந்துவிட்டது, அவன் மனைவி பியூலா மேசையைத் துடைத்துவிட்டாள், நான் கையைக் கழுவிக்கொண்டு என் அறைக்கு வந்து கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரிய்யா என்பது எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது. எழுபத்தாறு வயதில் என் உயிரைப் பற்றிய பேச்சு ஊறுகாய் பாட்டிலுக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் நடுவில் வைத்து முடிந்துபோயிற்று. இதயத்தில் ஒரு வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம், திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்க மாட்டேன் என்கிறதாம். போன மாதம் ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்துக்கு எழுந்து நின்றவள் பாதியிலேயே சரிந்து என் சினேகிதி எமிலி டீச்சர் மடியில் விழுந்தேன். எண்பது வயது அவளுக்கு, கண்ணைத் திறந்ததும் அவள் முகம்தான் தெரிந்தது, "ஏ ரத்தினபாய், விழுததுதான் விழுதே, ஆம்பிளைங்க பக்கமாப் பாத்து விழக்கூடாதா, தூக்கதுக்கு ஆளாவது இருக்கும்" என்றாள். அதற்கப்புறம்தான் மதுரை, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி, குளிர்ந்த பசையை இடது மார்புக்குக் கீழே தடவி ஒரு கருவியை வைத்து அழுத்திய பெண். மூச்சைப் பிடியுங்கம்மா என்றாள். திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ துடித்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது, பிறகு ஒரு பொத்தானைத் தட்டினாள், சத்தம் வந்தது, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல, அடித்து, பிழியாமல் மறுபடியும் அடித்து. இதுவா என் சத்தம் என்று கேட்டேன். உங்களுடையதுதாம்மா என்றாள். ஒரே வீட்டில் இவ்வளவு காலம் கூடக் குடியிருந்த ஒருத்தியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நாள்கூட லீவு கேட்காதவள். இப்போதும், இந்தக் கட்டிலில், இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் அவள் அடிப்பது காதுக்குள் கேட்கிறது, மின்விசிறியின் கிறீச்சுக்கும் அவளுக்கும் தாளம் சேரவில்லை, சேர்ந்துவிடுமோ என்று காத்திருக்கிறேன், சேரவில்லை.

டாக்டர் மீனாட்சிநாதன் நல்ல மனிதர், குரலை உயர்த்துவதில்லை. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடைப் பக்கம் ஒரு ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய்ப் பழையதற்குள் வைத்து விரித்துவிடுவோம், குடை விரிக்கிற மாதிரி என்று தன் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். மாட்டின் இதயத்தைச் சுற்றி இருக்கும் மெல்லிய தோலில் செய்ததாம் அது. ஒவ்வொன்றையும் யாரோ கையாலேயே தைக்கிறார்களாம். எங்கேயோ ஒரு பெண் வெளிச்சத்துக்கு அடியில் குனிந்து, எனக்கென்று தெரியாமல் எனக்குத் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது பிளவுஸ் அளவு கொடுக்கப் போனவள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அப்புறம் அவர் சுகிர்தன் பக்கம் திரும்பி இங்கிலீஷில், செய்யாவிட்டால் இரண்டு வருஷம் தாண்டுவது கடினம், இடையில் எப்போது வேண்டுமானாலும் திடீரென்று ஆகலாம் என்றார். கிழவிக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக முழு உத்தியோகத்தையும் கழித்தவள் நான், பேராயர் அலுவலகத்துக்கு இங்கிலீஷில் நான் எழுதிய சண்டைக் கடிதங்களைப் பார்த்தால் அவர் பயந்திருப்பார். ஆனால் புரியாத மாதிரியே சேலை முந்தானையை நீவிக்கொண்டிருந்தேன். நீங்க என்னம்மா சொல்றீங்க என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னேன். என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். "இந்த வயசுல எனக்கு என்னத்துக்கு டாக்டர் இதெல்லாம், வாழ்ந்தாச்சு, ஆண்டவர் கூப்பிடும்போது போறேன்." சொல்லிவிட்டு நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதுதான் முக்கியம். அந்த இடத்தில் ஒரு இடைவெளி விட்டேன், ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு. என்ன அத்தை இப்படிச் சொல்லுதீங்க, சும்மா இருங்க, டாக்டர் நீங்க தேதி சொல்லுங்க என்று சுகிர்தன் அதற்குள் வந்திருக்க வேண்டும். நான் மறுபடியும் வேண்டாம்யா என்பேன். அவன் குரலை உயர்த்துவான். பியூலா கண்ணைக் கசக்குவாள். நான் உங்க இஷ்டம், என்னமும் செய்யுங்க என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படித்தானே நடக்கும், எல்லா வீட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கிறது. சுகிர்தன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "உங்க முடிவை நாங்க மதிக்கிறோம் அத்தை" என்றான். டாக்டர் தலையை ஆட்டினார், பேஷன்ட் இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம் என்றார், எதற்கும் வீட்டுக்குப் போய் யோசியுங்கள், ஒரு படுக்கையைப் பிடித்து வைக்கிறேன், நாளை சாயந்திரத்துக்குள் சொல்லுங்கள் என்றார். அந்த நாளைதான் இன்றைக்கு.

அவனைக் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வருஷம் மெல்போர்னில் இருந்துவிட்டு வந்தவன், போன வருஷம்தான் பெண்டாட்டியோடு பாளையங்கோட்டைக்கே திரும்பினான், வந்ததும் முதல் காரியமாக அத்தை தனியாக இருக்கக் கூடாது என்று என் சாமான்களை ஒரு வேனில் ஏற்றிவிட்டான். அதற்கும் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் அப்போது எமிலி டீச்சர் பக்கத்தில் இருந்தாள், "அவ அப்படித்தான்யா சொல்லுவா, நீ கட்டிலத் தூக்கு" என்று முடித்துவிட்டாள். மதுரைக்கு எமிலியைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். மெல்போர்னில் எதையும் ஒரு தடவைதான் கேட்பார்களாம். அவனே சொல்லியிருக்கிறான், சிரிக்கச் சிரிக்க. போன புதிதில் ஒரு ஆபீஸ்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறான், குளிர்காலம், காபி குடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள், இவன் ஐயோ வேண்டாம் பரவாயில்லை என்றிருக்கிறான், நம் பழக்கப்படி, அவர்கள் சரி என்று தங்களுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து குடித்தார்களாம், இவன் அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அந்தக் காபியின் ஏக்கம் அப்படியே இருந்தது, நானும் பியூலாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஏக்கத்தோடு கொஞ்ச காலம் இருந்தால் மனிதன் அதையே முறை என்று எடுத்துக்கொள்கிறான் போலிருக்கிறது. இந்த வீட்டில் பாத்திரங்களை மேசை நடுவில் வைத்து எடுத்துக்கோங்க அத்தை என்கிறாள் பியூலா. நல்ல மனசோடுதான் சொல்கிறாள். எனக்கு இரண்டாம் தடவை கை நீளாது. இன்றைக்கும் சீலா மீன் குழம்பு, தலைத் துண்டு சட்டியில் கிடந்தது, அத்தை இன்னும் என்றாள், போதும்மா என்றேன், சரி என்று மூடிவிட்டாள். ஹாஸ்டலில் ஒரு பிள்ளை போதும்க்கா என்றால் அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். தட்டுக்கு மேலே குறுக்கே வந்தால் நிஜமாகவே போதும். தட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தால் அரைக் கரண்டி. மடியில் இருந்தால் ஒரு கரண்டி முழுசாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த தட்டுக்குப் போய்விட வேண்டும், அப்போதுதான் அவளுக்குச் சாப்பிட வரும். டாக்டர் அறையில் என் கை எங்கே இருந்தது? முந்தானையை நீவிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்திருக்கலாம்.

என் தம்பி செல்லத்துரை, சுகிர்தனின் அப்பா, அவனுக்குப் புராஸ்டேட் ஆப்பரேஷன் என்றபோது வீட்டில் மூன்று நாள் பாடு. வேண்டாம், என்னைக் கத்தி வைக்காமல் அனுப்புங்கள் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். நான் அழுதேன், அவன் பெண்டாட்டி சாப்பிடவில்லை, கடைசியில் எங்கள் சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணி, பேசி, சரி, உங்க எல்லாருக்காகவும் என்று தியாகி மாதிரி எழுந்து காரில் ஏறினான். அவன் பெட்டி முந்தின நாளே கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது, சோப்பு டப்பாகூட வைத்திருந்தான். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அப்போது சுகிர்தன் மெல்போர்னில் இருந்தான், போனில் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது என்ற சேதி மட்டும்தான் அவனுக்குப் போயிற்று. அழுகையும் பெட்டியும் போகவில்லை. மனிதர்கள் வேண்டாம் என்பது தங்களைப் பிறர் எவ்வளவு வேண்டும் என்கிறார்கள் என்று காதால் கேட்டுக்கொள்வதற்காகத்தான் என்று யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது? யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், கூட இருந்து பார்த்தால் தெரியும். இப்போது நேற்றிலிருந்து இரண்டு பேரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். காரில் வரும்போது எனக்குப் பிடித்த கீர்த்தனைகளைப் போட்டார்கள். கோவில்பட்டி தாண்டியதும் சுகிர்தன் திரும்பிப் பார்த்து, எங்கேயாவது போகணும்னு ஆசை இருக்கா அத்தை, குற்றாலம் போலாமா, இல்லை கடல் பக்கம் என்றான். ஆசை இருக்கிறதா என்று அப்போதாவது கேட்டானே. குற்றாலமா, இந்த மூச்சை வைத்துக்கொண்டா, ஒண்ணும் வேண்டாம்யா என்றேன். மறுபடியும் வேண்டாம். எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டேன்.

எழுந்து போய் வேண்டும் என்று சொல்லிவிடலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. பத்தடி தூரத்தில் ஹால். என்னவென்று சொல்வது? நேற்று அவ்வளவு பக்தியாக ஆண்டவர் கூப்பிடும்போது போறேன் என்றுவிட்டு இன்றைக்கு ஆண்டவர் கொஞ்சம் பொறுக்கட்டும் என்பதா? ஒரு காரணம் இருந்தால் சொல்லலாம். எமிலி டீச்சர் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டபோது பேத்திக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், கல்யாணம் முடிந்தது, அவள் போகவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு யார் கல்யாணம்? சுகிர்தனுக்குப் பிள்ளை இல்லை. என் கையால் முடியவேண்டிய காரியம் ஏதாவது பாக்கி உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், இல்லை, எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துத் தொலைத்திருக்கிறேன், வார்டன் புத்தி. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளர், அதை யாரும் பார்த்துக்கொள்வார்கள். என்னை நம்பி ஒரு பூனைகூட இல்லை. அப்படியென்றால் எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் இந்தச் சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, அது நிரம்பி வழிவது தெரியாமல் தூங்குகிறார், அந்தத் தண்ணீர் சுவரில் இறங்கும் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் பேப்பரை முதலில் பிரிக்கும்போது வரும் வாசனை. எமிலி யாரைப் பற்றியாவது பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வது. ஒரு டாக்டரிடம் போய் இதையெல்லாம் காரணம் என்று எப்படிச் சொல்வது, கேட்கிறவருக்கு என்னவென்று இருக்கும், மாடு ஒன்று செத்து, ஒருத்தி கண் வலிக்கத் தைத்து, அதை எனக்கு வைக்க வேண்டும், எதற்கு, பக்கத்து வீட்டுத் தொட்டி வழிவதைக் கேட்க. பயமும் இருக்கிறது. சாவைப் பற்றி என்று சொல்ல மாட்டேன், அதைப் பற்றி நிறையப் பாட்டு மனப்பாடமாகத் தெரியும். குளியல் நடுவில் சோப்பும் கையுமாக விழுந்துவிடுவேனோ என்றுதான். கதவைத் தாழ் போடாதீங்க அத்தை என்று பியூலா சொல்லியிருக்கிறாள். தாழ் போடாத கதவுக்குப் பின்னால் குளிப்பது என்ன குளியல், ஒரு கண் அந்தக் கதவின் மேலேயே இருக்கிறது.

"தூங்கலையா அத்தை?" பியூலா கையில் துணிகளோடு நிற்கிறாள், மடித்து வைக்க வந்திருக்கிறாள். இல்லைம்மா, இந்தா உட்காரு என்று கட்டிலில் இடம் விட்டேன். உட்கார்ந்தாள். இவளிடம் சுற்றி வளைத்துச் சொல்லலாம், பெண்பிள்ளை, பிடித்துக்கொள்வாள் என்று தோன்றிற்று. "எமிலி டீச்சர் பேஸ்மேக்கர் வச்சு எத்தனை வருஷம் இருக்கும், பாரேன், இன்னும் திடமா இருக்கா" என்றேன். பியூலா உச்சுக்கொட்டினாள். "அவங்க கதையைச் சொல்லாதீங்க அத்தை. அவ்வளவு வேண்டாம்னு சொன்னாங்களாம், பிள்ளைங்க அழுது அழுதே வற்புறுத்திச் செஞ்சுட்டாங்களாம், எங்கிட்டயே சொன்னாங்க. எனக்குக் கேட்கவே கஷ்டமா இருந்துது." பேத்தி கல்யாணத்தை எமிலி இவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. "கஷ்டமாச் சொன்னாளா?" "இல்ல, சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க, உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்? வயசானவங்க பேச்சைக் கேக்கணும் அத்தை. நாங்க உங்களுக்கு அப்படிச் செய்யவே மாட்டோம்." என் புறங்கையைத் தடவிக் கொடுத்தாள். இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். "நீ ரொம்ப நல்ல பிள்ளை" என்றேன். "போங்க அத்தை" என்று வெட்கப்பட்டு என் பாவாடையை நான்காக மடித்து அலமாரியில் வைத்தாள், அடுத்த வாரத்துக்குரிய சேலைகளை மேல் தட்டில் அடுக்கினாள், விளக்கைப் போடவா என்றாள், வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

ஹாலில் சுகிர்தன் தொண்டையைச் செருமுகிறான். கஷ்டமான சேதி சொல்லும் முன் அவன் அப்பாவும் அப்படித்தான் செருமுவான். குட் ஈவினிங் டாக்டர், சுகிர்தன் பேசறேன், பாளையங்கோட்டையிலிருந்து. நான் எழுந்து உட்கார்ந்தேன். மெதுவாக எழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவசரமாக எழுந்துவிட்டேன், அறை ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடியும் நேராயிற்று. ஆமாம் டாக்டர், நேற்றுச் சொன்னதுதான் என்கிறான். செருப்பு அகப்படவில்லை, வெறுங்காலோடு நடந்தேன். பத்தடி என்று நினைத்தது யார், இந்தப் பாதை இவ்வளவு நீளமாக இருந்ததா, நெஞ்சுக்குள் அவள் அடித்துத் துவைக்கிறாள், முடிந்தவரை அடிக்கிறாள், கதவு திறக்க மாட்டேன் என்கிறது. ஃபிரிட்ஜ் வரைக்கும் வந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேல் மூச்சு இல்லை. அவன் முதுகு தெரிகிறது. ரொம்பத் தெளிவாக இருக்கிறார்கள் டாக்டர், அமைதியாக இருக்கிறார்கள், நாங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்கிறான். குரல் உடைகிறது. அழுகிறான், நான் கேட்க வேண்டிய அழுகை, டாக்டரிடம் போய் அழுகிறான் பைத்தியக்காரன். கூப்பிட்டுப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. உள்ளங்கையால் ஃபிரிட்ஜ் கதவை ஓங்கி அடித்தேன். உள்ளே பாட்டில்கள் குலுங்கின. திரும்பினான். ஐயோ அத்தை என்று ஓடி வந்தவனின் நெஞ்சில் ஒரு கையை வைத்துத் தடுத்து, இன்னொரு கையைப் போனுக்கு நீட்டினேன். என்ன அத்தை, என்ன செய்யுது என்கிறான். போனைத்தான் கேட்கிறேன் என்று தலையை ஆட்டினேன். கொடுத்தான்.

மூச்சு திரும்பும் வரைக்கும் டாக்டர் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ரத்தினபாய் பேசுதேன் டாக்டர். எனக்கு அந்த ஆப்பரேஷன் செய்யணும்." பக்கத்தில் சுகிர்தன் அசையாமல் நிற்பது தெரிந்தது.  டாக்டர் அதே உயராத குரலில், "நேத்து வேண்டாம்னு சொன்னீங்களேம்மா. வீட்டுல யாராவது வற்புறுத்தினாங்களா? தயங்காமச் சொல்லுங்க" என்றார். "ஒருத்தரும் வற்புறுத்தல டாக்டர், ஒரு வார்த்தைகூட வற்புறுத்தல, அதான் இவ்வளவு நேரமாச்சு" என்றேன்.  சமையலறை வாசலில் பியூலா. "சரிம்மா. ஏதாவது விசேஷம் வருதா? பேரப்பிள்ளைங்க கல்யாணம், அப்படி ஏதாச்சும்?" நல்ல மனிதர், எனக்காக ஒரு காரணத்தைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்கப் பார்க்கிறார். "எனக்குக் கல்யாணமே ஆகல டாக்டர். காரணம் ஒண்ணும் இல்ல. இருக்கணும்போல இருக்கு." சொன்ன பிறகு முகம் சுட்டது, பதினெட்டு வயதுப் பிள்ளை ஹாஸ்டல் மாடிப்படியில் பிடிபட்டது போல. டாக்டர் சிரிக்கவில்லை. படுக்கை இருக்கிறது, வியாழக்கிழமை வந்து சேருங்கள் என்றார். நூற்றில் இரண்டு மூன்று பேருக்குச் சிக்கல் ஆகும், பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம், அதை மறுபடியும் சொல்ல வேண்டியது என் கடமை என்றார். கேட்டுக்கிட்டேன் டாக்டர் என்றேன். சுகிர்தன் என் தோளைப் பிடித்திருந்தான், ஏன் அத்தை, ஏன் அத்தை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான், இருக்கட்டும், கொஞ்சம் கேட்கட்டும். "நல்லபடியா முடிஞ்சுட்டா அந்த வால்வு பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம்கூட உழைக்கும்மா" என்றார் டாக்டர். பத்து, பன்னிரண்டு. மனதுக்குள் என் வயதோடு கூட்டிப் பார்த்தேன், எண்பத்தெட்டு.

"அதுக்கப்புறம் டாக்டர்?" என்று கேட்டேன்.